இந்த 28 எழுத்துக்கு யார் சாட்சி?

கோவிட் நோயைக் கொண்டுவந்த வைரஸின் மரபணுத் தொடரில் 29,903 எழுத்துகள். அமெரிக்காவின் என்சிபிஐ தரவுத்தளத்தில் என்சி_045512 என்ற எண்ணின் கீழ் அது இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். என்னிடம் உயிர்த்தகவலியல் படிக்க வரும் மாணவர்கள் அந்தப் பதிவைத் திறந்ததும் நேராக அடிக்குப் போய்விடுவார்கள். ஏ, டி, ஜி, சி என்று எழுத்துகள் ஓடுவது அங்கேதான். நான் அவர்களை மறுபடி மேலே வரச் சொல்வேன். தொடர் ஆரம்பிப்பதற்கு வெகு முன்னால், பதிவின் தலைப்பகுதியில் ஆறு ஆதாரக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை முதலில் படியுங்கள் என்பேன்.

முதல் குறிப்பு எதிர்பார்த்ததுதான்: 2020-இல் நேச்சர் இதழில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. கடைசி இரண்டும் தொடரைத் தரவுத்தளத்தில் சேர்த்தவர்கள் யார், எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று சொல்பவை. நடுவில் உள்ள மூன்றுதான் மாணவர்களைத் திகைக்க வைக்கும். இரண்டாவது குறிப்பு 2005-இல் வந்த கட்டுரை, மூன்றாவதும் 2005, நான்காவது 1999. "வைரஸே 2019 கடைசியிலதானே சார் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எப்படி இதைப் பத்தி எழுதினாங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

பதில் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இருக்கிறது. இரண்டாவது குறிப்பில், '13476 முதல் 13503 வரை' என்று போட்டிருக்கும். அந்தக் கட்டுரை தொடர் முழுவதற்கும் ஆதாரம் அல்ல, அதிலுள்ள 28 எழுத்துக்கு மட்டுமே ஆதாரம். அந்த இடத்தில் வைரஸின் ஆர்என்ஏ மடங்கி ஒரு கொண்டைபோல நிற்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம் அதற்குச் சற்று முன்னால் ஓரெழுத்து பின்னுக்கு நழுவி, வேறு வரிசையில் படிக்கத் தொடங்குகிறது. அந்த நழுவல் இல்லாவிட்டால் வைரஸால் தன்னைப் படியெடுக்கத் தேவையான புரதங்களைச் செய்துகொள்ள முடியாது. 2003-இல் பரவிய சார்ஸ் வைரஸில் இதைக் கண்டு எழுதியவர்களின் கட்டுரை, புதிய வைரஸிலும் அதே அமைப்பு இருப்பதால் அந்த 28 எழுத்தின்மேல் குத்திவைக்கப்பட்டிருக்கிறது. 1999-ஆம் ஆண்டுக் கட்டுரை மாடுகளைத் தாக்கும் கொரோனா வைரஸை வைத்துச் செய்த ஆய்வு. அது 29609 முதல் 29657 வரை உள்ள பகுதிக்குச் சாட்சி சொல்கிறது. உலகமே வீட்டுக்குள் முடங்குவதற்கு இருபது ஆண்டு முன்பு, மாட்டு வைரஸின் வால்பகுதியைப் பொறுமையாக ஆராய்ந்த மூன்று பேரின் உழைப்பு இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

நிலப் பத்திரத்தில் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் இல்லாவிட்டால் அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆதாரக் குறிப்பில் இருக்கும், பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லும் இந்த இரண்டு எண்களும் அப்படித்தான்.

மனிதக் கண்ணுக்கு இது எளிது. கணினிக்கு அந்தப் பதிவு வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்பு நீளமானால் அடுத்த வரிக்கு மடங்கும். ஆசிரியர் பட்டியல் நான்கைந்து வரி ஓடும். எது பெயர், எது இதழ், எது இட எண் என்று பிரித்துச் சொன்னால்தான் நிரலால் அதை வைத்து வேலை செய்ய முடியும். அதற்காகப் பயோபைத்தான், பயோபெர்ல் போன்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்புகளை எழுதியவர்கள், ஆதாரக் குறிப்பைத் தனியொரு பொருளாகவே வடிவமைத்தார்கள். நிரலாக்கத்தில் பொருள் என்பது, தனக்கென்று பெயரிட்ட அறைகளைக் கொண்ட ஒரு தகவல் அலகு. பயோபைத்தானில் அந்தப் பொருளுக்கு எட்டு அறைகள்: தொடரில் உள்ள இடம், ஆசிரியர்கள், கூட்டமைப்பு, தலைப்பு, இதழ், பழைய மெட்லைன் எண், பப்மெட் எண் (இரண்டும் மருத்துவ, உயிரியல் கட்டுரைப் பட்டியல்கள் தரும் எண்கள்), கருத்துரை. கோப்பைப் படித்ததும் ஆறு குறிப்புகளும் ஆறு பொருள்களாக ஒரு பட்டியலில் வந்து உட்காரும். அதன் பிறகு, 'இந்தப் பகுதியைத் தொடும் கட்டுரைகள் எவை?' என்று நாலு வரி நிரலில் கேட்டு விடை வாங்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இந்தப் பதிவுகள் கிடைக்கும் ஜென்பேங்க் வடிவக் கோப்பு, இடங்களை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பைத்தான் மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் கோப்பில் 13476 என்று இருப்பது பொருளுக்குள் 13475 ஆகிவிடும். அதைப் பயோஎஸ்க்யூஎல் என்னும் பொதுத் தரவுத்தள அமைப்பில் சேமிக்கும்போது, பயோபைத்தான் மறக்காமல் ஒன்றைக் கூட்டித் திருப்பி எழுதுகிறது. யாரும் பாராட்டாத வேலை. ஆனால் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் மரபணுவில் ஓரெழுத்து பிசகு சின்ன விஷயம் இல்லை. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள், பயோபைத்தானில் ஒன்றைக் கூட்டும் இந்த நிரல்வரியை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தரவுத்தளத்தில் இன்னொரு சிக்கல். ஒரே கட்டுரையை நூறு தொடர்கள் சுட்டினால், அதை நூறு முறை எழுதி வைக்கக்கூடாது; ஒருமுறை எழுதி, நூறு தொடர்களையும் அதனுடன் இணைக்க வேண்டும். அப்படியானால் இரண்டு குறிப்புகள் ஒரே கட்டுரையைத்தான் சொல்கின்றன என்று எப்படித் தெரியும்? பப்மெட் எண் இருந்தால் பிரச்சினை இல்லை. நான் சொன்ன நேச்சர் கட்டுரையின் எண் 32015508. உலகில் வேறு எந்தக் கட்டுரைக்கும் அது கிடையாது. எண் இல்லாதபோது ஆசிரியர், தலைப்பு, இதழ் மூன்றையும் ஒட்டி, அதிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஒரு கால்புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இதே வைரஸின் மூலப் பதிவான எம்என்908947, மூன்று பதிப்புகள் கண்டது. முதலில் 30,473 எழுத்து, பிறகு 29,875, கடைசியில் 29,903. ஆரம்பத்தில் அதன் குறிப்பில் கட்டுரைத் தலைப்பு வேறு. இதழ் என்ற இடத்தில் 'வெளியிடப்படாதது' என்று இருந்தது. பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் பக்கத்தில் வைத்தால், அவை ஒரே ஆய்வின் இரண்டு நிலைகள் என்று நமக்குத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு கட்டுரைகள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வடிவமைப்பில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். பயோபைத்தானில் ஆசிரியர் அறை ஒரே ஒரு நீண்ட எழுத்துச் சரம். ஐந்து பேர் எழுதியிருந்தாலும் ஐம்பது பேர் எழுதியிருந்தாலும் எல்லாரும் ஒரே வரியில். ஒவ்வொருவரும் தனி மனிதர் என்ற செய்தி பொருளுக்குள் இல்லை. குடும்பப் பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால் என்ற மேலைநாட்டு வழக்கத்தில் அந்தச் சரம் அமைந்திருக்கிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும், சி. ராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் எழுதிய கட்டுரைதான் புரதங்களின் மடிப்பைச் சோதிக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு மூலம். அவர்கள் பெயர்கள் அந்த வழக்கத்தில் சிக்கலில்லாமல் பொருந்திவிட்டன. இன்றைய மாணவருக்கு அப்படி இல்லை. கந்தசாமியின் மகன் முருகன் ஒரு கட்டுரையில் 'முருகன், கே.' என்று இருப்பான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டதால் அடுத்த கட்டுரையில் 'கந்தசாமி, எம்.' ஆகிவிடுவான். அந்தச் சரத்தில் தேடும் நிரலுக்கு அவன் இரண்டு ஆள். செய்த வேலையில் பாதி அப்பா கணக்கில் போய்விடும். ஆய்வாளருக்கு 16 இலக்க அடையாள எண் தரும் ஆர்க்கிட் என்ற அமைப்பு 2012 முதல் நடக்கிறது. அதை வைக்க அந்த எட்டு அறைகளில் ஓர் அறை இல்லை. ஆண்டுக்கும் தனி அறை இல்லை. கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணுக்கும் இல்லை. ஒன்பதாவது, பத்தாவது அறைகளைச் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய குறிப்புகளை நாம் ஒரே நொடியில் தொலைத்தும் விடுகிறோம். தொடர்களை ஒப்பிடும் கருவிகள் பெரும்பாலும் ஃபாஸ்டா என்ற எளிய வடிவத்தில் கோப்பு கேட்கும். அதில் தலைப்புக்கு ஒரு வரி, பிறகு எழுத்துகள். வேறு எதற்கும் இடமில்லை. மாற்றியதும் ஆறு குறிப்புகளும் போய்விடும். வேலைக்கு ஃபாஸ்டா தேவைதான். ஆனால் மூலக்கோப்பை அழித்துவிட்டு ஃபாஸ்டாவை மட்டும் வைத்துக்கொள்கிறவர், சாட்சிகளை வெளியே அனுப்பிவிட்டு வழக்கு நடத்துகிறார்.

சாட்சி தேவைப்படும் நாள் வரத்தான் செய்யும். 2001-இல் சயன்ஸ் இதழில் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு எம்எஸ்பிஏ என்ற புரதத்தின் வடிவத்தை வெளியிட்டது. பிறகு தெரிந்தது: அவர்கள் பயன்படுத்திய நிரல் ஒன்று, தரவில் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. சயன்ஸில் வந்த தங்கள் மூன்று கட்டுரைகளை 2006 டிசம்பரில் அவர்களே திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பலர் அந்த வடிவத்தை நம்பி வேலை செய்திருந்தார்கள். திரும்பப் பெற்ற கட்டுரையைப் பப்மெட் அப்படியே முத்திரை குத்திக் காட்டும். உங்கள் தரவில் ஆதாரக் குறிப்பு எண்ணுடன் பொருளாக இருந்தால், ஒரு சிறு நிரல் எல்லாவற்றையும் சரிபார்த்து, எது இனி நம்பத்தக்கதல்ல என்று சொல்லிவிடும்.

நம் கல்லூரிகளிலிருந்தும் தொடர்கள் தரவுத்தளங்களுக்குப் போகின்றன. மீன், மூலிகை, மண்ணிலுள்ள பாக்டீரியா என்று எத்தனையோ. தொடரை அனுப்பும் நாளில் கட்டுரை வெளிவந்திருக்காது. எனவே 'வெளியிடப்படாதது' என்று பதிவாகும். ஓராண்டு கழித்துக் கட்டுரை வந்ததும் எல்லாரும் இனிப்புக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். தரவுத்தளத்துக்கு எழுதிக் குறிப்பைத் திருத்தச் சொல்ல நினைவு வருவதில்லை. அது கட்டணமில்லாத வேலை. அனுப்பியவரே கேட்டால் செய்து தருவார்கள். உங்கள் பெயரில் அப்படி ஒரு பதிவு நிற்கிறதா என்று இன்று பாருங்கள். நின்றால், கட்டுரையின் பப்மெட் எண்ணைக் குறிப்பிட்டு இந்த வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்.