ஏலத்தோட்டத்து இடுப்பு வலியும் நரம்பில் மாறும் புரதங்களும்

போடிநாயக்கனூரிலிருந்து காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு ஏறினால், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய்ப்பது என்னவோ தரையோடு தரையாகத்தான். தட்டைகளின் அடியிலிருந்து புறப்படும் சரம் மண்ணை ஒட்டிக் கிடக்கும். அதில் எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது. பூவையும் பிஞ்சையும் விட்டுவிட்டு, முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். குனிந்தும் குத்தவைத்தும் நாள் முழுக்க இதே வேலை.

சீசன் முடிந்து ஓய்வெடுத்த பிறகும் சிலருக்கு இடுப்பு வலி விடுவதில்லை. எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியாது. 'ஒண்ணுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ 'வேலைக்குச் சாக்கு' என்ற பேச்சு. எக்ஸ்ரே காட்டுவது பெரும்பாலும் எலும்பைத்தான். நரம்பு செல்லின் புரதங்களில் ஏற்படும் மாற்றம் அதில் எப்படித் தெரியும்?

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். நரம்பு செல்லின் சவ்வில் நுண்துளையாக அமர்ந்து, திறந்து மூடி, சோடியம், கால்சியம் அயனிகளை உள்ளே விடுவதும் புரதமே. அதை அயனி வாய்க்கால் என்பார்கள். ஏலக்காயை மென்றால் வாயில் ஒரு குளிர்ச்சி பரவுகிறதல்லவா? அதன் எண்ணெயில் உள்ள சினியோல், குளிரை உணர்வதற்கென்றே இருக்கும் டிஆர்பிஎம்8 என்ற வாய்க்காலைத் திறக்கக்கூடியது. வாய் குளிர்ந்திருக்காது, நரம்பு குளிர் என்று செய்தி அனுப்புகிறது. மிளகாயின் கேப்சைசின் திறப்பது சூட்டை உணரும் டிஆர்பிவி1 வாய்க்காலை. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் ஆர்டெம் பட்டாபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டிஆர்பிவி1 சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் திறக்கும். தசையோ மூட்டோ அடிபட்டு அழற்சி வந்தால் கதை மாறுகிறது. அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு செல்லுக்குள் சில நொதிகளைத் தூண்ட, அவை இந்தப் புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அதன் பிறகு உடம்பின் 37 டிகிரி சூடே அதைத் திறக்கப் போதும். அழற்சியில் சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி இன்னொரு வேலையும் செய்கிறது. நரம்பிழை வழியாகவே பயணித்து, முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சை அடைந்து, டிஆர்பிவி1 இன்னும் அதிகமாக உருவாகச் செய்கிறது.

அடுத்த மாற்றம் தண்டுவடத்தில். அங்குள்ள என்எம்டிஏ என்ற ஏற்பிப் புரதத்தின் துளையை ஒரு மெக்னீசியம் அயனி தக்கைபோல் அடைத்திருக்கும். வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தால் தக்கை விலகி, கால்சியம் உள்ளே பாயும். பிறகு சின்னத் தூண்டலுக்கும் அந்தச் செல் பெரிதாகத் துடிக்கும். அடிபட்ட பிறகு தண்டுவடமே இப்படி முறுக்கேறிவிடுவதை 1983இல் எலிகளில் காட்டியவர் கிளிஃபோர்டு வுல்ஃப். காயம் ஆறிய இடத்தைத் தொட்டாலே சிலருக்கு வலிப்பதற்கு இது ஒரு விளக்கம்.

வலி புரதத்தின் கையில் இருக்கிறது என்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் சான்று உண்டு. பாகிஸ்தானில் கத்தியைக் கையில் செருகிக்கொண்டும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவனைப் பற்றி ஆய்வாளர்கள் கேள்விப்பட்டார்கள். அவனுக்கு வலியே தெரியாது. 14 வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினர்களையும், அதே நிலை கொண்ட குடும்பங்களையும் ஆராய்ந்து 2006இல் காரணத்தை வெளியிட்டார்கள்: நேவ்1.7 என்ற ஒரே ஒரு சோடியம் வாய்க்கால் அவர்களுக்கு வேலை செய்யவில்லை.

இதே வகையைச் சேர்ந்த நேவ்1.8ஐ அடைக்கும் சூசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் அந்த அனுமதி அறுவை சிகிச்சைக்குப் பிந்தையது போன்ற குறுகிய கால வலிக்குத்தான். நாள்பட்ட வலியைத் துடைத்தெறியும் மாத்திரை இன்னும் வரவில்லை.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடமே இருக்கிறது. ஆகவே மலைக்குப் போய் வருபவர்கள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். முற்றுவதற்குள் மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கித் தினமும் போட்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடலாம். மருத்துவர் சொல்லும் உடற்பயிற்சியை விடாதீர்கள். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்ரேயில் இல்லை என்பதற்காக அதைப் பொய் என்று தள்ளாதீர்கள்.