குடமுருட்டியில குதிக்கப் போறீங்களா? தண்ணி தெளிவா இருந்தா மட்டும் போதாது!

ஜூன் மாசம் மேட்டூர் அணை திறந்தாச்சுன்னா, டெல்டா பசங்களோட வாட்ஸ்அப்ல ஒரே கேள்விதான் ஓடும்: "தண்ணி எங்க வந்திருக்கு?" கல்லணை தாண்டி, திருக்காட்டுப்பள்ளி பக்கம் காவிரியிலிருந்து பிரிஞ்சு, குடமுருட்டியா பாபநாசம் வந்து சேர்ந்ததும் குளியலும் ஆரம்பம், ரீல்ஸும் ஆரம்பம். (கமல் படத்துல வர்றது நெல்லைச் சீமை பாபநாசம். நாம பேசுறது நம்ம தஞ்சாவூர் பாபநாசம்!)

சரி, அந்தத் தண்ணி குளிக்கத் தகுந்ததானு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட கணக்குப்படி, குளிக்கிற தண்ணியில 100 மில்லிக்கு 'மலக் கோலிஃபார்ம்' பாக்டீரியா 500-க்குள்ள இருந்தா நல்லது. 2,500-ஐத் தாண்டவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

மலக் கோலிஃபார்ம் மனுஷங்க, மாடுகளோட குடல்ல வாழுற பாக்டீரியா. அதுல பெரும்பாலானது நம்மை ஒண்ணும் செய்யாது. ஆனா, அது ஆத்துல இருந்தா கழிவு கலந்திருக்குனு அர்த்தம். அப்போ டைபாய்டு, வயித்துப்போக்கு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் கூடவே வந்திருக்கலாம். கண்ணாடி மாதிரி இருக்குற தண்ணியிலயும் இது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது.

சிக்கல் எங்கன்னா, நேரத்துல. தண்ணியை டியூப்கள்ல ஊத்தி, சூட்டுல வெச்சு, பாக்டீரியா வளர்ந்து வாயு வருதானு பார்க்கணும். குறைஞ்சது ஒரு நாள், சில சமயம் மூணு நாலு நாள்கூட ஆகும். ஆக, ரிசல்ட் கைக்கு வர்றப்போ அது சொல்றது ஓடிப்போன தண்ணியோட கதையை. அரசு வாரியங்கள் ஆறுகள்ல சாம்பிள் எடுக்குறதும் பெரும்பாலும் மாசத்துக்கு ஒருமுறைதான். ஆத்தோட போக்கு மாறுதானு பார்க்க அது உதவும். இன்னிக்கு சாயங்காலம் குதிக்கலாமானு கேட்டா, அதுகிட்ட பதில் கிடையாது.

பாரிஸே இதுல தடுமாறுச்சு. 2024 ஒலிம்பிக்ல சென் நதியைத் தினமும் பரிசோதிச்சாங்க. அப்படியும் மழையால தண்ணி கெட்டு, ஆண்கள் டிரையத்லான் போட்டி ஜூலை 30-லிருந்து 31-க்குத் தள்ளிப்போச்சு. சென்னை பக்கத்துல கோவளம் கடற்கரைக்கு 2021-ல 'நீலக்கொடி' சான்று கிடைச்சது. அந்தச் சான்று வேணும்னா கடல் தண்ணியோட தரத்தை மக்கள் பார்வைக்கு வைக்கணும். நம்ம ஊர் படித்துறையில அப்படி ஒரு போர்டு வர்றவரைக்கும் நாமளேதான் ஆத்தைப் படிக்கணும்.

முதல்ல, புதுத்தண்ணி. மாசக்கணக்கா காய்ஞ்சு கிடந்த மணல்ல சேர்ந்த குப்பை, சாக்கடை எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வர்றது இதுதான். ஆசையா இருக்கும், புரியுது... ஆனா முதல் சில நாள் கரையிலயே நில்லுங்க. பெரிய மழை பேஞ்சா அடுத்த ரெண்டு மூணு நாளும் அப்படித்தான். ஊர்ச் சாக்கடை ஆத்துல விழுற இடம் எதுன்னு உள்ளூர்க்காரங்களுக்கு நல்லாவே தெரியும். அதுக்கு மேல்பக்கமா போய்க் குளிங்க, கீழ்ப்பக்கம் வேண்டாம்.

கோடையில ஆறு வத்தினதும் அங்கங்க தேங்குற குட்டைகள்ல ஆபத்து வேற மாதிரி. வெதுவெதுப்பான நன்னீர்ல வாழுற ஒருவகை அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போயிடும். ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா பிழைக்கிறது கஷ்டம். 2024-ல கேரளத்துல குழந்தைகள் இதனால இறந்துபோனாங்க. இந்தத் தண்ணி வயித்துக்குள்ள போனா இந்த நோய் வராது, மூக்குல ஏறினாத்தான் வரும். அதனால தேங்கின தண்ணியில டைவ் அடிக்கிறது, முங்குறது வேண்டவே வேண்டாம்.

வயல் வடிகால் தண்ணியில எலிச் சிறுநீர் கலந்திருந்தா எலிக்காய்ச்சல் வரும். கால்ல சின்னக் கீறல் இருந்தாலே அதுக்குப் போதும். காயம் ஆறுற வரைக்கும் தண்ணியில இறங்காதீங்க.

குளிச்ச ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், கடுமையான உடம்புவலி, கண் சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட "ஆத்துல குளிச்சேன்"னு மறக்காம சொல்லுங்க. எலிக்காய்ச்சல் ஆரம்பத்துல டெங்கு மாதிரியேதான் இருக்கும். நீங்க சொன்னாதான் அதுக்கான ரத்தப் பரிசோதனையை எழுதணும்னு அவருக்குத் தோணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாட்டிக்லயே சரியாகிடும். விட்டுட்டா கிட்னி, கல்லீரல் வரைக்கும் போயிடும். தலைவலியோட வாந்தி, கழுத்து இறுக்கம்னா காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.