வயலில் ராக்கெட் பாகம் விழுந்தால்...

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு, மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்திலுள்ள லாட்போரி கிராமத்தில், சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் வானிலிருந்து விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் உலோக உருண்டைகளும் கிடைத்தன. இவை ராக்கெட்டின் பாகங்கள் எனக் கருதப்படுகிறது.

விண்கல் உள்ளும் புறமும் கெட்டியாக இருக்கும். பற்றவைத்த தழும்போ ஆணித் துளையோ இராது. ராக்கெட் பாகத்தில் இவை காணப்படும். உருண்டைகள் உள்ளே கூடாக இருக்கும்; சிலவற்றின் மேல் நூல் சுற்றியது போன்ற கரிய நார் தெரியும்.

இவற்றைத் தொடவோ, உடைத்துப் பழைய இரும்புக்குப் போடவோ கூடாது. உள்ளே ஹைட்ரசீன் என்ற நச்சு எரிபொருள் எஞ்சியிருக்கலாம். ஆடுமாடுகளை அண்டவிடாமல், கிராம நிர்வாக அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். பயிர்ச் சேதத்தையும் எழுதிக் கொடுப்பது நல்லது. 1972-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு ராக்கெட்டை ஏவிய நாடே பொறுப்பாகும்.