குல்மார்க்கில் பனிச்சறுக்கா? வாடகை கடையில் பொய் சொல்லாதீங்க!

காஷ்மீரில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டால் குல்மார்க் களை கட்டிவிடும். பாரமுல்லா மாவட்டத்தில் சுமார் 2 ஆயிரத்து 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் பனிச்சறுக்கு பலகை, பூட்ஸ் எல்லாமே வாடகைக்கு கிடைக்கும். ஆனால் பளபளன்னு இருக்கே என்று கண்ணில் பட்டதை எடுத்தால் கால் போய்விடும். சரியான பலகையை தேர்வு செய்வது எப்படி? விவரம் வருமாறு:-

நீளம் எவ்வளவு?

பலகையை செங்குத்தாக நிறுத்தி பக்கத்தில் நில்லுங்கள். முதல் தடவை சறுக்குபவர் என்றால் பலகையின் நுனி தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வரவேண்டும். ஓரளவு பழகியவருக்கு மூக்கில் இருந்து நெற்றி வரை. கைதேர்ந்தவருக்கு தலை உயரம் அல்லது அதற்கும் சற்று மேலே.

குட்டை பலகை சொன்னபடி திரும்பும். நீள பலகை வேகத்தில் ஆடாது, ஆனால் திருப்ப பலம் வேண்டும். உடல் எடை குறைவு என்றால் கொஞ்சம் குட்டையாகவே எடுக்கலாம். புதியவர்களுக்கு எளிதில் வளைகிற மெத்தென்ற பலகைதான் நல்லது. விறைப்பான பலகை சின்ன தப்பைக்கூட மன்னிக்காது.

அகலமும் முக்கியம்

கால் வைக்கும் நடுப்பகுதியின் அகலத்தை பாருங்கள். மெஷின் வைத்து சமப்படுத்திய சரிவுக்கு சுமார் 70 முதல் 85 மில்லி மீட்டர் போதும். புதுப்பனி, கெட்டிப்பனி இரண்டிலும் சறுக்க 85 முதல் 100. ஆழமான புதுப்பனிக்கு 100க்கு மேல். அகல பலகை பனியில் புதையாமல் மிதக்கும்.

குல்மார்க் கேபிள் காரின் 2-வது கட்டம் அபர்வாத் மலையில் 3 ஆயிரத்து 900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கே இருப்பது பெரும்பாலும் சமப்படுத்தாத பனி. பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. அகல பலகை கையில் இருக்கிறது என்பதற்காக புதியவர்கள் அங்கே சறுக்க போகக்கூடாது. அடிவார சரிவில்தான் பழக வேண்டும்.

பொய் சொன்னால் என்ன ஆகும்?

பூட்சை பலகையோடு பிடித்து வைக்கும் கொக்கிக்கு பைண்டிங் என்று பெயர். கீழே விழும்போது இது பூட்சை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நீள பலகை காலையும் சேர்த்து முறுக்கி எலும்பை முறித்துவிடும்.

இதை எவ்வளவு இறுக்குவது என்பதை வயது, எடை, உயரம், பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்தே முடிவு செய்கிறார்கள். கவுரவத்துக்காக, "எனக்கு நல்லா தெரியும்" என்று அளந்துவிட்டால் கூடுதலாக இறுக்கிவிடுவார்கள். விழும்போது கழலாது. எடையை குறைத்து சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழன்று, ஆளை கவிழ்த்துவிடும்.

எனவே புதுசு என்றால் புதுசு என்றே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பைண்டிங்கை நீங்களாக திருகவும் வேண்டாம். கடைக்காரர் உங்கள் எடையைக்கூட கேட்காமல் பலகையை நீட்டினால், அடுத்த கடைக்கு போய்விடுவதே காலுக்கு நல்லது.