ஊசிக்குப் பதில் ஒரு சொட்டு

கண் முகாமுக்கு வரும் பெரியவர்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்கி, வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கண்ணுல ஊசி போடுவாங்களாமே, நெசமா?"

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் பொரை முற்றியவர்களை முகாமில் பார்த்து, மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ்ஸில் அழைத்துப்போய், ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைப் பெரிதாக வளர்த்தெடுத்தது. செலவுக்கும் பயணத்துக்கும் இப்படி வழி பிறந்துவிட்டது. ஊசிப் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, பொரை பழுத்துக் கல்லாகி, சுவரைத் தடவி நடக்கும் நிலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே, ஊசி இல்லாமல் கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், பயம் வீண் இல்லை. கண்ணுக்கு ஊசி போடுவது உண்மைதான். கீழ் இமையின் ஓரமாக நுழைந்து, விழிக்குப் பின்னாலோ அதைச் சுற்றியோ மருந்தைச் செலுத்துவார்கள். கண் மரத்துப்போகும், அசையாமல் நிற்கும், பார்வையும் சற்று நேரத்துக்கு மங்கும். பெரும்பாலும் இது பத்திரமான முறை. அபூர்வமாக, விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டலாம்; விழி நீண்டு கிட்டப்பார்வை வந்தவர்களுக்கு ஊசி விழியிலேயே பட்டுவிடும் ஆபத்தும் உண்டு. இதய நோய்க்காக ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி போட டாக்டர்கள் யோசிப்பது ரத்தம் கட்டலாம் என்பதால்தான்.

சரி, வெறும் சொட்டு எப்படிப் போதும்? விழியின் முன்புறத்தில் இருக்கும் கருவிழிப் படலத்தில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு. தூசி விழுந்தால் துடித்துப்போவது அதனால். ஆனால், எந்த லென்ஸில் பொரை வளர்கிறதோ அந்த லென்ஸில் நரம்பே கிடையாது. அதை உடைத்தாலும் உறிஞ்சினாலும் அதற்கு வலி தெரியாது. ஆக, வலி காவல் நிற்பது பெரும்பாலும் வாசலில். நரம்பு வலிச்செய்தியை அனுப்ப வேண்டுமானால் அதன் சவ்வில் உள்ள நுண்ணிய வழிகள் திறந்து சோடியம் உள்ளே போக வேண்டும். மருந்து அந்த வழிகளை அடைத்துவிடுகிறது. செய்தி கிளம்பும் இடத்திலேயே நின்றுபோகிறது.

சொட்டு மருந்தால் கண் மரக்கும் என்பதை முதலில் கண்டு சொன்னவர் வியன்னாவில் இருந்த கார்ல் கோலர். 1884-ல் அவருக்கு வயது 26. கொக்கெயின் நாக்கை மரக்கச் செய்வதைப் பார்த்தவருக்கு, கண்ணையும் மரக்கச் செய்யுமே என்று தோன்றியது. தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். அடுத்து முயல், நாய். கடைசியில் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை! அந்தச் செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டுக்குப் போக அவரிடம் பணம் இல்லை. இன்னொரு டாக்டர்தான் அவருடைய கட்டுரையை அங்கே படித்தார். அதுவரை பெரும்பாலும் நோயாளியை ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளத்தான் கண்ணைக் கீறினார்கள். நம் பக்கத்துத் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நோயாளிகளுக்கு இப்படி ஒரு சொட்டு வாய்க்கவில்லை.

கொக்கெயின் கருவிழியைக் கெடுக்கும், அடிமையாக்கும் என்று தெரிந்ததும் அதன் இடத்துக்கு வேறு மருந்துகள் வந்தன. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகப் புழங்குவது புரோபராக்கெயின். அரை நிமிடத்துக்குள் மரக்கும். கால் மணி நேரம் போல நிற்கும். இருந்தும் பொரை ஆபரேஷனில் ஊசிதான் நெடுங்காலம் ஆட்சி செய்தது. காரணம் வெட்டு பெரிது. 1967-ல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன், அதிர்வலையால் பொரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். 'ஃபேகோ' என்று சொல்கிறோமே, அதுதான். எடுத்த லென்ஸின் இடத்தில் வைக்கும், மடிக்கக்கூடிய செயற்கை லென்ஸும் சேர்ந்துகொள்ள, வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1990-களில்தான் சொட்டு மருந்து பொரை ஆபரேஷனுக்குத் திரும்பி வந்தது.

மேஜையில் நடப்பது இதுதான். பாப்பாவை விரிய வைக்கும் சொட்டுகளை முன்பே விட்டிருப்பார்கள். அது கொஞ்சம் எரியும். அதோடு வலி, வீக்கம் குறைக்கும் சொட்டு ஒன்றும் போவதுண்டு. ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்கிவிடாமலும் அது காக்கிறது. பிறகு மரக்கும் சொட்டு. முதல் சொட்டு சுருக்கென்று கடிக்கும், அடுத்தது வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும். அதற்குப் பிறகு கிருமி கொல்லும் அயோடின் கரைசல் விட்டால், அதன் எரிச்சல் அவ்வளவாகத் தெரியாது. முகத்தின் மேல் துணி, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பி, மைக்ராஸ்கோப்பின் பெரும் வெளிச்சம். கண் கட்டிப்போடப்படவில்லை, பார்வையும் அணையவில்லை. வெளிச்சமும் நிறங்களும் தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் நகரும். சிலருக்கு அது அழகு, சிலருக்குத் திகில்.

இங்கேதான் சொட்டின் எல்லை வருகிறது. அது மேற்பரப்பை மரக்கச் செய்யும். உள்ளே பாப்பாவைச் சுற்றி இருக்கும் கருந்திரைக்கு அவ்வளவாக எட்டாது. கண்ணுக்குள் தண்ணீரின் அழுத்தம் ஏறும்போது 'உள்ளே ஏதோ இழுக்கிறது' என்று தோன்றும். அதற்காக, பதனப்பொருள் கலக்காத லிடோகெயினைச் சிறிதளவு கண்ணுக்குள்ளேயே விடுகிறவர்கள் உண்டு. கண் அசையாமல் இருப்பதோ நோயாளியின் கையில். "வெளிச்சத்தையே பாருங்க பாட்டி, அப்படியே இருங்க" என்ற குரலும் பக்கத்தில் கையைப் பிடித்திருக்கும் நர்ஸும் மருந்தின் பாதி வேலையைச் செய்கிறார்கள் என்பேன். முன்கூட்டியே நோயாளியின் பேச்சிலேயே, "தொடுறது தெரியும், அழுத்துறது தெரியும், குத்தாது" என்று சொல்லி வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். முதல் கண்ணைவிட இரண்டாம் கண்ணில் வலி கூடுதலாகத் தெரிந்தது என்று பலர் சொல்கிறார்கள். அதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சென்னை டாக்டர் அமர் அகர்வால் 1998-ல் இன்னும் ஒரு படி போனார். ஊசியும் இல்லை, சொட்டும் இல்லை. மரக்கும் மருந்தே இல்லாமல் பொரையை எடுத்துக் காட்டினார். 2001-ல் வெளியான ஆய்வில் மூன்று வகை நோயாளிகளை ஒப்பிட்டார்கள்: மருந்தே இல்லாதவர்கள், சொட்டு மட்டும் விட்டவர்கள், சொட்டோடு கண்ணுக்குள்ளும் மருந்து பெற்றவர்கள். வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தே பெறாதவர்களை மைக்ராஸ்கோப் வெளிச்சம்தான் அதிகம் படுத்தியது. கைதேர்ந்தவர் செய்தது அது. எல்லா மேஜைக்கும் அதை விதியாக்க முடியாது. ஆனால் லென்ஸுக்கு வலி தெரியாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முகாமிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விளக்கம். முற்றிய பொரையை முழுதாக எடுக்க, வெள்ளை விழியில் 6, 7 மில்லிமீட்டர் அளவில் தையலில்லா வெட்டுப் போடும் முறை நம் நாட்டில் பரவலாக நடக்கிறது. செலவு குறைவு, பலன் நன்று. அதற்குப் பெரும்பாலும் ஊசிதான் ஏற்றது. ஊசி போட்டார்கள் என்றால் ஏழைக்கு மட்ட வைத்தியம் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். காது கேளாதவர், சொன்னதை நினைவில் வைக்க முடியாதவர், கண் தானாக ஆடுகிறவர் ஆகியோருக்கும் ஊசியே பாதுகாப்பு.

மரக்கும் சொட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் பொறி பட்டுக் கண் உறுத்துகிறவர்கள், டாக்டர் ஒரு சொட்டு விட்டதும் கிடைக்கும் நிம்மதியைப் பார்த்துக் கடையில் அதையே வாங்கி விட்டுக்கொள்வது ஆபத்து. திரும்பத் திரும்ப விட்டால் கருவிழிப் புண் ஆறாது. கரைந்து ஓட்டையே விழலாம். வலி இல்லாததால் அது தெரியவும் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில. ரத்தம் நீர்க்கும் மாத்திரை, சிறுநீர் தாராளமாகப் போக ஆண்கள் சாப்பிடும் மாத்திரை (அது கருந்திரையைத் தொளதொளக்க வைக்கும்), மல்லாந்து படுத்தால் வரும் மூச்சிரைப்பு, இருமல். நடுவில் இருமல் வந்தால் அடக்க வேண்டாம், தலையையும் தூக்க வேண்டாம். "இருமல் வருது" என்று வாயால் சொன்னால் போதும். டாக்டர் கருவியை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருப்பார்.