டிஷ்வாஷருக்கும் ஒரு 'போர்ட்' உண்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். கேபிள் போர்ட்டில் பொருந்திவிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. யூ.எஸ்.பி. டைப்-சி கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் சிலவற்றில் சார்ஜ் மட்டுமே ஏறும். மானிட்டரில் படம் வராது. சமையல் மேடை மேல் வைக்கும் சிறிய டிஷ்வாஷரை சிங்க் குழாயில் இணைப்பதும் இதே கதைதான்.

சென்னையில் எங்களுடையது வாடகை பிளாட். சுவரில் துளை போடக் கூடாது என்பது வீட்டு ஓனரின் கண்டிப்பு. அம்மாவுக்கோ விரல் மூட்டுகளில் வலி; பாத்திரம் தேய்க்க முடிவதில்லை. எனவே சிங்க் குழாயிலேயே இணைப்பது என்று முடிவு செய்தேன். இதற்கு நான் சரிபார்த்தவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

1. முதலில் மேனுவல்

மெஷின் வாங்கும் முன்பே அதன் மாடல் எண்ணைக் கூகுளில் டைப் செய்து, பி.டி.எப். மேனுவலை டவுன்லோட் செய்யுங்கள். பைலைத் திறந்து கன்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். அதில் தண்ணீர் அழுத்தத்துக்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் தேவையான அளவு கிடைத்துவிடும்.

2. அழுத்தம் போதுமா?

பல சிறிய மெஷின்களுக்குக் குறைந்தது 0.4 பார் அழுத்தம் வேண்டும். சில மேனுவல்களில் இதையே 0.04 எம்.பி.ஏ. என்று போட்டிருப்பார்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் தரும். அப்படியானால் 0.4 பாருக்கு, மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் உங்கள் குழாயைவிட 4 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி இருப்பதால் சுமார் 6 மீட்டர் கிடைக்கிறது. கடைசி மாடியில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். போதவில்லை என்றால், கையால் தண்ணீர் ஊற்றும் டேங்க் உள்ள மாடலே உங்களுக்கு ஏற்றது.

3. மரை பொருந்துமா?

டிஷ்வாஷர் ஹோஸின் முனை பொதுவாக முக்கால் இஞ்ச். அது பொருந்தும் மரையை ஸ்கேல் வைத்து அளந்தால் வெளி விட்டம் சுமார் 26 மி.மீ. இருக்கும். குழம்ப வேண்டாம், அது வெறும் பெயர்தான். 3.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க்கின் அகலமும் 4 இஞ்ச்தானே!

சிங்க் குழாயின் நுனியில் உள்ள சிறிய வலையைக் கழற்றுங்கள். அதற்கு ஏரேட்டர் என்று பெயர். உள்ளே மரை இருந்தால் பெரும்பாலும் 24 மி.மீ., வெளியே இருந்தால் 22 மி.மீ. கழற்றிய ஏரேட்டரையே ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் சென்று, முக்கால் இஞ்சுக்கு மாற்றும் அடாப்டர் கேளுங்கள். மரையே இல்லாத குழாயில் ரப்பர் அடாப்டரைச் செருகிக் கிளிப் போட வேண்டாம்; அழுத்தத்தில் தெறித்துவிடும்.

ஹோஸ் முனையில் கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான். அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று கொடுத்தால் போதும்.

4. மிக முக்கியமானது

சாதாரணமாக சிங்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடிவிடும். நுனியில் அழுத்தம் நிற்காது. டிஷ்வாஷர் அப்படியல்ல. உள்ளே இருக்கும் வால்வு சில தடவைகள் மட்டுமே திறக்கும். மற்ற நேரமெல்லாம் குழாயிலும் ஹோஸிலும் முழு அழுத்தமும் நின்றுகொண்டே இருக்கும். இதனால்:

* இழுத்து நீட்டும் ஸ்ப்ரே குழாயில் இணைக்காதீர்கள். அதன் உள் ஹோஸ் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.
* வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் மிக்சர் குழாய் என்றால் லீவரை முழுவதும் தண்ணீர்ப் பக்கமே வையுங்கள். நடுவில் விட்டால் ஒன்று மற்றொன்றின் பைப்புக்குள் போகலாம்.
* கழுவி முடிந்ததும் குழாயை மூடுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது மெஷினை ஓட விடாதீர்கள். ஹோஸ் கழன்றால் கீழ் வீட்டுக் கூரையில்தான் தண்ணீர் இறங்கும்.

5. கழிவுநீரும் கரன்டும்

கழிவு ஹோஸை சிங்க் விளிம்பில் நழுவாமல் கட்டுங்கள். அதன் முனை சிங்கில் தேங்கும் தண்ணீரில் மூழ்கக் கூடாது. அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பலாம். மேனுவலில் சொன்ன உயரத்தைத் தாண்டவும் கூடாது.

மெஷினுக்குள் ஹீட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் ஸ்பைக் பஸ்டரில் இதைச் செருகவே கூடாது. எர்த் உள்ள, தனி சுவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள்.

முதல் ஓட்டத்தின்போது அருகிலேயே இருங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு டிஷ்யூ பேப்பர் வையுங்கள். கடைசி வரை அது காய்ந்தே இருந்தால் இணைப்பு சரி. கழற்றிய ஏரேட்டரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். வீடு காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிட்டால் ஓனருக்கும் குறை இருக்காது.