ஐபோனுக்கு ஆறு மணி நேரம், பிள்ளையாருக்கு?

2025 மார்ச், ஏப்ரலில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய சில சரக்கு விமானங்கள் உலகச் செய்தி ஆயின. அமெரிக்க அதிபர் டிரம்ப் இறக்குமதி வரியை ஏற்றப்போகிறார் என்று தெரிந்ததும், இந்தியாவில் தயாரான சுமார் 600 டன் ஐபோன்களை ஆப்பிள் நிறுவனம் தனி விமானங்களில் அள்ளிக்கொண்டு போனது. ஏறக்குறைய 15 லட்சம் போன்கள். ஒவ்வொன்றும் 100 டன் சுமக்கக்கூடிய ஆறு விமானங்கள் என்று ஏப்ரல் 10 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது.

எல்லோரும் டன் கணக்கைப் பேசினார்கள். எனக்கு அதே செய்தியின் நடுவே இருந்த மணிக்கணக்குதான் கண்ணில் பட்டது. சென்னை விமான நிலையத்தில் சுங்க நடைமுறை முடிய 30 மணி நேரம் பிடித்தது. அதை 6 மணி நேரமாகக் குறைக்கச் சொல்லி ஆப்பிள் அதிகாரிகளை வலியுறுத்தியது. சீனாவில் சில விமான நிலையங்களில் அந்நிறுவனத்துக்கு இருப்பதைப் போன்ற ஒரு ‘பசுமை வழி’ இங்கும் கிடைத்தது என்றது அந்தச் செய்தி.

ஓடுதளம் அதேதான். அதிகாரிகளும் அவர்களேதான். சட்டமும் 1962-ம் வருடத்துச் சுங்கச் சட்டமேதான். அப்படியானால் மிச்சம் 24 மணி நேரம் இத்தனை நாளாக எங்கே போய்க்கொண்டிருந்தது?

இது செங்கல்பட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. விமான நிலையத்தின் பெயர் சென்னை என்றாலும், திரிசூலமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். 1910-ல் மெட்ராஸ் ஹோட்டல்காரர் டி’ஏஞ்சலிஸ் தானே செய்வித்த விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்ததும் பல்லாவரத்தில்தான். அன்றைக்கு அவரிடம் யாரும் மேனிஃபெஸ்ட், அதாவது சரக்குப் பட்டியல், கேட்டிருக்க மாட்டார்கள். இன்று ஐபோன் செய்யும் ஆலைகளில் ஒன்று செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பெகாட்ரான் திறந்தது. 2025 ஜனவரியில் பெரும்பங்கு டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் வந்தால் கார்கோ காம்ப்ளெக்ஸ். இன்னொரு பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். அங்கே உளியும் கட்டரும் ஓயாமல் சத்தம் போடும் பட்டறைகள். அவற்றின் சரக்கும் வெளிநாடு போகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விமானத்தின் காகிதம். ஒரு சர்வதேச விமானம் இறங்குவதற்கு முன்பே அதன் பட்டியல் வந்து சேர்ந்துவிட வேண்டும். சுங்கச் சட்டத்தின் 30-வது பிரிவு அப்படிச் சொல்கிறது: வரும் சரக்கின் மேனிஃபெஸ்டை, விமானம் வருமுன், கணினி வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். கிளம்பும்போது அதே வேலைக்கு 41-வது பிரிவு. அதிகாரியின் எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது 42. துபாயிலிருந்து வரும் விமானத்துக்கு நாலு மணி நேர அவகாசம் இருக்கும். கொழும்பிலிருந்து வருவதற்கு அந்த வசதி இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரிசூலம் மலை தெரிந்துவிடும். கடைசி நிமிடத்தில் நாலு பெட்டி ஏற்றினார்களா, இறக்கினார்களா என்ற திருத்தமெல்லாம் அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பட்டியல் ஒன்றோடு முடிவதில்லை. 1976-ல் வகுத்த விதிமுறைகளின்படி விமானத்துக்கு ஒரு பொது அறிவிப்பு, பயணிகளுக்கு ஒரு பட்டியல், சரக்குக்கு ஒன்று, விமானியும் பணியாளர்களும் கையில் வைத்திருக்கும் சொந்தப் பொருட்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த விமானம் அப்படியே உள்நாட்டுச் சேவைக்குத் திரும்பினால், வரி கட்டாத மதுவும் சிகரெட்டும் இருக்கும் தள்ளுவண்டிகளுக்கு சீல் வைக்க வேண்டும் அல்லது இறக்கிவிட வேண்டும். வெளிநாட்டில் நிரப்பிய எரிபொருள் டாங்கில் மிச்சமிருந்தால் அதுவும் இறக்குமதிச் சரக்குதான்! இந்திய விமானங்கள் இங்கிருந்து எடுத்துப்போன அளவுக்கு மட்டும் 1994-ம் வருட அறிவிக்கை ஒன்று விலக்கு கொடுக்கிறது. மேலே இருக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு.

இந்தத் தொல்லை வரும் என்று உலகம் எப்போதோ எதிர்பார்த்தது. 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 22-வது பிரிவு, குடியேற்றம், சுகாதாரம், சுங்கம் ஆகிய நடைமுறைகளால் விமானங்கள் வீணாகத் தாமதிக்காமல் பார்த்துக்கொள்வது நாடுகளின் கடமை என்கிறது. அதற்காகவே 1949-ல் 9-வது இணைப்பு வந்தது. பொது அறிவிப்புக்கு ஒரே மாதிரிப் படிவம் கொடுத்ததும் அதுதான். பயணிகளின் பெயர்ப் பட்டியலை வழக்கமாகக் கேட்க வேண்டாம் என்று சொன்னதும் அதுதான். நாம் எதிர்த்திசையில் போயிருக்கிறோம். பயணிகளின் விவரம் குடியேற்றத் துறைக்குத் தனியாகப் போகிறது. 2022 ஆகஸ்டில் வந்த விதிமுறைப்படி டிக்கெட் பதிவு விவரத்தை விமானம் கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதே சுங்கத் துறைக்கும் தர வேண்டும். பயணிகளுக்கு மட்டும் பாரம் குறைந்தது உண்மை. இந்தியர்களுக்கு வருகை அட்டை 2014-ல் போனது. புறப்பாட்டு அட்டை 2017 ஜூலையில் போனது. பேனா இரவல் கேட்டு அலைந்த காலம் முடிந்தது. விமான நிறுவனத்தின் ஆபீஸில் அந்த வேலை இப்போது விசைப்பலகையில் நடக்கிறது.

சரக்குப் பக்கம் வருவோம். ஏற்றுமதிக்கு என்ன நடக்கிறது? கஸ்டம்ஸ் புரோக்கர் (பழைய ஆட்களுக்கு இன்னும் ‘சி.எச்.ஏ.’தான்) சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பைப் போடுகிறார். எதைத் திறந்து பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று கணினியின் இடர் மேலாண்மை முறை முடிவு செய்கிறது. லாரி வந்து கேட்டில் நிற்கிறது. சரக்கைப் பதிவு செய்கிறார்கள். சோதனை உண்டென்றால் பெட்டி பிரிபடும். ‘லெட் எக்ஸ்போர்ட்’ உத்தரவு வருகிறது. பிறகு எக்ஸ்ரே, பிறகு விமானத் தட்டில் அடுக்கி வலைகட்டுதல், பிறகு ஏற்றம். இதில் அதிகாரி தலையிடும் நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காத்திருப்பு. தேசிய வர்த்தக எளிமைப்படுத்தல் செயல்திட்டம் (2020-23) விமானச் சரக்கு ஏற்றுமதிக்கு வைத்த இலக்கு 12 மணி நேரம். அதை வைத்துப் பார்த்தால் 30 மணி நேரம் என்பது அரசே ஏற்காத நேரம். ஆப்பிளுக்காக அதை 6 ஆக்கியதைச் சாதனை என்று சொல்லலாம். முன்பே 12 ஆகாமல் இருந்ததை என்னவென்று சொல்வது?

சீர்திருத்தம் நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். அதிகாரி முகம் பார்க்காமல் வேறு ஊரிலிருந்து இறக்குமதிச் சரக்கை மதிப்பிடும் முறை 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும்தான் முதலில் தொடங்கியது. கொரோனா காலத்தில் அனுமதி நகல்கள் மின்னஞ்சலில் வரத் தொடங்கின. ரப்பர் ஸ்டாம்பு தேடி மாடி ஏறி இறங்கியவர்களைக் கேட்டால் வித்தியாசம் சொல்வார்கள்.

ஆனாலும் ஒரு சின்ன இடத்தில் இடறுகிறது. விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லின் எண்ணுக்கு 11 இலக்கம். முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் குறி: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. அடுத்த ஏழும் வரிசை எண். கடைசி இலக்கம், அந்த வரிசை எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதி. 1234567 என்றால் மீதி 5; ஆகவே 12345675. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் பெட்டி எண்ணிக்கைக்கும் எடைக்கும் இப்படி ஒரு காவல் இல்லை. 14 பெட்டி 41 ஆனால் தட்டச்சு செய்யும்போது யாருக்கும் தெரியாது. அல்லது நாற்பது பெட்டியில் முப்பத்தெட்டுதான் இந்த விமானத்தில் இடம் பிடித்தது, இரண்டு மறுநாள் போயிற்று என்று வையுங்கள். ஷிப்பிங் பில்லில் ஒரு கணக்கு, விமான நிறுவனம் தாக்கல் செய்யும் ஏற்றுமதி மேனிஃபெஸ்டில், அதாவது ஈ.ஜி.எம்.மில், வேறு கணக்கு.

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டதே, இனி என்ன என்று தோன்றும். வலி இனிமேல்தான். ஏற்றுமதிக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரி திரும்ப வருவதற்கு ஷிப்பிங் பில்லே விண்ணப்பம், ஆனால் ஈ.ஜி.எம். ஒழுங்காகத் தாக்கலாகிப் பொருந்தினால்தான் அந்த விண்ணப்பத்துக்கு உயிர். ஜி.எஸ்.டி. கணக்கிலும் ஷிப்பிங் பில்லிலும் இன்வாய்ஸ் எண் ஒரு கோடு, ஒரு பூஜ்யம் மாறியிருந்தாலும் பணம் நிற்கும். புரோக்கர்கள் மத்தியில் ‘எஸ்.பி. 005’ என்ற பிழைக் குறியீடு கிட்டத்தட்ட ஒரு வசவுச் சொல். 2018 மார்ச்சில் இப்படித் தேங்கியவற்றைத் தீர்க்க சுங்க வாரியமே நாடு முழுக்க ‘ரீஃபண்ட் இருவாரம்’ நடத்த வேண்டி வந்தது. பெரிய நிறுவனத்தில் இந்தப் பிழையைத் துரத்தவே ஒரு அறை நிறைய ஆட்கள் இருப்பார்கள். சிறு ஏற்றுமதியாளருக்கு அவரேதான் அறை, அவரேதான் ஆள்.

நம்பகமான வணிகர்களுக்கு ஏ.இ.ஓ. என்றொரு அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. சோதனை குறையும், வரியைப் பிறகு கட்டலாம், வழி சீக்கிரம் திறக்கும். குறைந்தபட்சம் இத்தனை ஆவணம் தாக்கல் செய்திருக்க வேண்டும், கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பவை நியாயமான நிபந்தனைகளே. வருடத்துக்கு நாலு சிலை அனுப்பும் ஸ்தபதி எந்தக் காலத்தில் அந்த வரிசைக்கு வருவார்?

இப்போது மாமல்லபுரம். 1957-ல் அங்கே சிற்பக் கல்லூரி தொடங்கியது. 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் ஊருக்குக் கற்சிற்ப நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தது. மகாபலிபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் ஐந்து ரதம் பக்கத்துக் கடையில் ஓரடி உயரக் கருங்கல் பிள்ளையார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் செதுக்கியது. விமான நிலையத்தில் பெட்டி எக்ஸ்ரேயில் போகிறது. அதிகாரி நிறுத்துகிறார். இது எத்தனை வருடப் பழசு?

கருங்கல்லுக்கு வயது முகத்தில் தெரியாது. பல்லவர் காலத்துக் கல்லும் போன மாதத்துக் கல்லும் அதே பாறை வகை. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய சிற்பத்தைத் தனிநபர் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. சந்தேகத்தைத் தீர்க்க, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் வேண்டும். படம் எடுத்து, விண்ணப்பித்து, நிபுணர் பார்த்து, கையெழுத்தாகி வர வேண்டும். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு வந்தவருக்கு அது நடக்கிற காரியமா?

அதிகாரியைத் திட்டுவது சுலபம். அவர் ஏன் நிறுத்துகிறார் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன சோழர் கால நடராஜர், கைவினைப் பொருள் என்ற பெயரில் நாட்டைவிட்டுப் போனவர். 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் டோனி அபாட் டெல்லியில் திருப்பிக் கொடுத்தார். அந்த நடராஜரை விற்ற சிலை வியாபாரி சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறை விதித்தது. அத்தனைக்கும் வழிவிட்டது, காகிதத்தில் ‘பொருள் விவரம்’ என்ற கட்டத்தில் எழுதிய ஒரு பொய்.

ஆகவே எல்லாக் காகிதத்தையும் கிழித்துப் போடு என்று நான் சொல்லமாட்டேன். கப்பலானாலும் விமானமானாலும் அந்த ஒரு கட்டம் முக்கியம்; அதிகாரியின் கண் அங்கே இருக்க வேண்டும். ஒரே ஆலையில் ஒரே மாதிரி அடைத்து வரும் லட்சக்கணக்கான போன்களில் மிச்சம்பிடித்த நேரத்தை அங்கே செலவழித்தால் கேட்பாரில்லை. 2016-ல் தொடங்கிய ஒற்றைச் சாளர முறையில் முதலில் சேர்ந்த ஆறு துறைகளில் உணவு, மருந்து, தாவரத் தொற்றுத் தடுப்பு, வனவிலங்குக் குற்றத் தடுப்பு எல்லாம் உண்டு. தொல்லியல் துறை இல்லை. சிற்பம் பட்டறையை விட்டு இறங்கும் முன்பே, மாமல்லபுரத்திலேயே வாரம் ஒரு நாள் நிபுணர் உட்கார்ந்து பார்த்து, படத்தோடு ஓர் எண் கொடுத்து, அந்த எண் சுங்கத்தின் திரையில் தெரிந்தால் போதும். இதற்குப் பசுமை வழிகூட வேண்டாம். ஒரு மேசை, ஒரு கேமரா.

தபால் துறை ஓரளவு வழி காட்டியிருக்கிறது. டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் தபால் நிலையத்திலேயே சிறு ஏற்றுமதியாளர் ஆன்லைனில் ஏற்றுமதிப் பத்திரம் போட்டுப் பார்சலை ஒப்படைக்கலாம். சிறிய சிற்பத்துக்கு அது உதவும். ஆறடி நந்திக்கு உதவாது.

இப்போதைக்கு, மாமல்லபுரத்தில் சிலை வாங்கி விமானம் ஏறப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ‘புதிய கற்சிற்பம்’ என்று தெளிவாக எழுதிய ஜி.எஸ்.டி. பில். பட்டறையின் முகவரியோடு, முடிந்தால் செதுக்கும்போது எடுத்த படம். அவர் ஏற்கெனவே தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் அது. பெரிய கடைகள் சில இதைப் பழக்கமாகவே வைத்திருக்கின்றன. இவை இருந்தும் சந்தேகம் வந்தால் 1972 சட்டத்தின் 24-வது பிரிவுப்படி கேள்வி தொல்லியல் துறைக்குப் போகும். அவர்கள் சொல்வதே முடிவு. முடிவு வருவதற்குள் உங்கள் விமானம் சிங்கப்பூரில் இறங்கி, அடுத்த பயணத்துக்கு மேனிஃபெஸ்ட் போட்டுக்கொண்டிருக்கும்.